கால் நனைந்தால்தான் வழி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியோரத் தனியார் மனைகளை ஒட்டி நடக்க நினைப்பவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் கால் வைத்து நடந்தால் அது பொதுமக்களின் உரிமை. ஓரடி தள்ளி ஈரமணலில் ஏறிவிட்டால் அத்துமீறல். எதிர்க்கரையில் உள்ள மிச்சிகன் மாநிலம் இன்னும் தாராளமானது. தண்ணீர் வழக்கமாக ஏறி வந்து தடம் பதிக்கும் கோடு வரை யாரும் நடக்கலாம் என்று 2005-ல் அதன் உச்ச நீதிமன்றம் சொன்னது. தென்கரையில் உள்ள இந்தியானாவின் உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு படி மேலே போய், அந்தக் கோடு வரை நிலமே பொதுச்சொத்து என்றது.

கோட்டைச் சட்டம் கிழித்துவிடும். அதற்குள் ஏரி நிற்க வேண்டுமே!

மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதியை நெருங்குகிறது. கடல்போல அலை அடித்தாலும், சொல்லிக்கொள்ளும்படி ஓதம் கிடையாது. அதன் ஏற்ற இறக்கம் வேறு கணக்கு. மழையும் ஆறுகளும் கொண்டுவருவது வரவு. ஆவியாகிப் போவதும் வழிந்து வெளியேறுவதும் செலவு. ஆவியாதல் உச்சத்தில் இருப்பது கோடையில் அல்ல. இலையுதிர்காலக் கடைசியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும், வெயிலை உள்ளே சேர்த்துவைத்திருக்கும் வெதுவெதுப்பான நீர்மீது வறண்ட குளிர்காற்று வீசும்போதுதான் ஏரி அதிகம் இழக்கிறது. வரவும் செலவும் சில ஆண்டுகள் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டம் மீட்டர் கணக்கில் மாறிவிடும். 2013 ஜனவரியில் ஏரி அதுவரை காணாத அளவுக்குத் தாழ்ந்தது. ஏழே ஆண்டில், 2020 கோடையில், அதைவிட ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர்ந்து நின்றது. முன்பு பிள்ளைகள் பந்து விளையாடிய மணல் அப்போது ஏரிக்கு அடியில்.

அந்தக் கோடைக்கு முன்பே உயர்ந்திருந்த மட்டத்தின்மீதுதான் 2020 ஜனவரி 11 அன்று புயல்காற்று வந்தது. குளிர்காலத்தில் கரையோரம் உறைந்து நிற்கும் பனிக்கட்டி அலைக்கு ஒரு கவசம். அந்த ஆண்டு அது பெரிதாகச் சேரவில்லை. மில்வாக்கி துறைமுகமும் சிகாகோவின் ஏரிக்கரைப் பாதையும் அடிவாங்கின.

வீடு சரியும் என்ற பயம் வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது சுவர். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை, சுவரின் காலடியில் உள்ள மணலை வாரிக்கொண்டு போகிறது. மட்டம் ஏறும்போது, சுவர் இல்லாத கரையில் மணல்வெளி உள்நோக்கி நகர இடம் இருக்கும். சுவர் உள்ள கரையில் மணல் மறைந்து, நேராக ஆழம்தான். நீதிமன்றம் கொடுத்த நடை உரிமையும் அதோடு மூழ்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஏரியின் கரை பல இடங்களில் பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண் செங்குத்து. அலை அடிவாரத்தை அரிக்க, மேலே நிற்கும் மண் பாளம் பாளமாகச் சரிகிறது. நீர் வடிந்த பிறகும் இந்தச் சரிவு ஆண்டுக்கணக்கில் தொடரும். சரியும் மண்ணில் கலந்திருக்கும் மணலே நீரோட்டத்தோடு நகர்ந்து அடுத்த ஊரின் கரையை நிரப்புகிறது. ஓரிடத்தில் வழி மறித்தால் அடுத்த இடம் பட்டினி. இந்தியானாவில் உள்ள மிச்சிகன் சிட்டியின் துறைமுகக் கட்டுமானங்கள் மணலைத் தடுத்ததால், அதற்கு மேற்கே உள்ள மவுண்ட் பால்டி மணற்குன்றின் அடிவாரம் தேய்ந்தது இப்படித்தான். அதற்கு இப்போது வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மானியம் வருகிறது. 1972-ல் அமெரிக்கா இயற்றிய கடலோர மண்டல மேலாண்மைச் சட்டம், மிச்சிகன் உள்ளிட்ட பேரேரிகளின் கரையையும் கடற்கரையாகவே கருதுகிறது. மாநிலம் தன் கரைக்கு ஒரு திட்டம் வகுத்துச் சேர்ந்துகொண்டால், மத்திய அரசின் பணம் அதன் வழியாக ஊர்களுக்குப் போகும். விஸ்கான்சின் 1978-லும் இந்தியானா 2002-லும் இல்லினாய் 2012-லும் சேர்ந்தன. பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியலைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. கரைநிலத்தை விலைக்கு வாங்கலாம். செடி நடலாம். ‘செலவு குறைந்த கட்டுமானம்’ என்ற தலைப்பின்கீழ் நடைபாதை, வேலி, பூங்கா என்று எளிமையான பொருள்கள். கோடிக்கணக்கில் கொட்டி எழுப்பும் கற்சுவர் அந்தத் தலைப்பில் வராது.

மரப்பலகை நடைபாதையில் என்ன அறிவியல் என்று கேட்கலாம். மணற்குன்றில் வளரும் மாரம் புல்லைப் பாருங்கள். நம் கடற்கரையில் ராவணன் மீசை செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. காற்று மணலைக் கொண்டுவந்து புல்லை மூடும். புல் மூச்சுமுட்டிச் சாகாமல், புதைந்த தண்டிலிருந்து மேல்நோக்கிக் கிளைத்து மறுபடி தலைகாட்டும். இப்படி ஒவ்வொரு படியாக மணலைப் பிடித்துப் பிடித்தே குன்று உயர்கிறது. புதைவதைத் தாங்கும் இந்தப் புல்லுக்கு மிதிபடுவது மட்டும் ஆகாது. ஒரே தடத்தில் ஆட்கள் ஏறி இறங்கினால் அங்கே புல் கருகும். அந்த இடைவெளியில் காற்று புகுந்து குன்றையே குடைந்துவிடும். முழங்கால் உயரத்தில் ஒரு பலகைப் பாதை போட்டால் மனிதர்களுக்கு வழி, புல்லுக்கு உயிர், உள்ளே இருக்கும் ஊருக்குப் புயலைத் தாங்கும் மணல். கரைப் பாதுகாப்பு, மக்கள் வழி, ஊரின் தாக்குப்பிடிக்கும் திறன் என்று மானிய விண்ணப்பத்தில் தனித்தனியாக எழுதும் மூன்றும் ஒரே பலகையில் கிடைக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் என்னை உறுத்துவது ஒன்றுதான். மானியத்துக்கு ஈடாக உள்ளூரும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும், பெரும்பாலும் சரிபாதி. பணக்கார ஊர் போட்டுவிடும். ஆலைகள் மூடிக் கிடக்கும் ஊருக்கு அந்தப் பாதியும் மலை. விண்ணப்பத்தை எழுதவே ஆள் இருக்காது. ஆனால் மணல் எல்லா ஊருக்கும் ஒன்றாகத்தான் நகர்கிறது. நலிந்த ஊர்களுக்கு இந்தப் பங்கைத் தள்ளுபடி செய்வதே நியாயம்.

சிகாகோவின் மாண்ட்ரோஸ் கடற்கரையில் உள்ள மணற்குன்றுகளை யாரும் கட்டவில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏரி இறங்கியபோது வெளிப்பட்ட மணலில் புல் தானாக முளைத்தது; அதை வழிக்காமல் விட்டார்கள். 2019-ல் அங்கே ஒரு ஜோடி பைப்பிங் ப்ளவர் கூடு வைத்தது. நம் உப்புக்கொத்தியின் உறவுப் பறவை இது; பேரேரிப் பகுதியில் 1986-லேயே அழியும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாண்டி, ரோஸ் என்று ஊரே பெயர் வைத்தது. அவற்றுக்காக அந்தக் கரையில் நடக்கவிருந்த ஒரு பெரிய இசை விழா ரத்தானது. ஆனால் எந்த ஏரி இறங்கி அந்த மணலைக் கொடுத்ததோ, அதே ஏரி அந்தக் கோடையில் ஏறி வந்து கூட்டை நெருங்கியது. முட்டைகளைப் பத்திரமாக எடுத்துச் சென்றார்கள். ஜோடி சற்று மேட்டில் மறுபடி முட்டையிட்டது. மேலே ஏற அங்கே மணல் இருந்தது.

2022-ல் ரோஸ் திரும்பி வரவில்லை. மாண்டி அந்த மே மாதம் இறந்தது. முந்தைய ஆண்டு பிறந்த அவற்றின் குஞ்சு இமானி, தான் பிறந்த அதே கரைக்கு வந்து துணை தேடிக் காத்திருந்தது. 2024-ல் சீ ராக்கெட் என்ற பெண்பறவையோடு அது சேர்ந்தது. மணலில் முளைக்கும் ஒரு செடியின் பெயர் அந்தப் பறவைக்கு. அந்தக் கோடையில் அவற்றின் ஒரு குஞ்சு மாண்ட்ரோஸ் மணலிலிருந்து பறந்தது. அதற்கு வைத்த பெயர் நாகமோ. அந்த ஏரிக்கரையின் பூர்வகுடிகள் மொழியில், ‘பாடுகிறது’ என்று பொருள்.