நாய் ஏன் எலும்பைப் புதைக்கின்றது?

வயிறு நிறைய உண்ட நாய், எஞ்சிய எலும்பைக் கவ்விக்கொண்டு வளவின் மூலையொன்றை நாடிச் செல்கின்றது. முன்னங்கால்களால் மண்ணைக் கிளறிக் குழி தோண்டுகின்றது. எலும்பை அதனுள் இட்டு, மூக்கினால் மண்ணைத் தள்ளி மூடிவிடுகின்றது. இதனைக் காண்போருட் சிலர், வைக்கோற்போர் நாயின் குணம் இதுவென இகழ்வர். பூஞ்செடிகள் பாழாயினவே எனத் தடியெடுப்போரும் உளர். உண்மையில் இச்செயல் பேராசையுமன்று, குறும்புமன்று; நாய்க்கு அதன் முன்னோர் விட்டுச்சென்ற முதுசொம் ஆகும்.

நாய் ஓநாயின் வழித்தோன்றல். காட்டில் வாழும் ஓநாய்க்கு நாள்தோறும் இரை கிடைப்பதில்லை. பெரிய விலங்கொன்று வீழ்ந்தால் ஒரே வேளையில் ஏறக்குறைய 9 கிலோகிராம் இறைச்சியையும் அது உண்ணவல்லது. அதன் பின்னர் பல நாட்கள் பட்டினியாகவும் கழியலாம். ஆகவே, மிகுதியானதை அது மண்ணுள் மறைத்து வைக்கின்றது. மண் இருவகையில் உதவுகின்றது. வெயிலும் ஈயும் அணுகாத குளிர்ந்த நிலத்தில் இறைச்சி மெதுவாகவே கெடும். காகம் முதலாய பறவைகளின் கண்ணுக்கும் அது புலப்படாது.

நாயின் இனத்தைச் சேர்ந்த நரியிடமும் இவ்வழக்கம் உண்டு. இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில் கடற்காகங்கள் முட்டையிடும் காலத்தில், செந்நரிகள் அம்முட்டைகளைக் கவர்ந்து தனித்தனியே புதைப்பதை நிக்கோ டின்பேர்கன் என்னும் விஞ்ஞானி ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் எழுதினார். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் ஒரு திருடனே அனைத்தையும் கொண்டுபோவான். பல இடங்களில் வைத்தால் இழப்புச் சிறிதாகும். இது சிந்தித்துச் செய்யும் சூழ்ச்சியன்று, இயல்பூக்கத்தின் பயனே.

புதைத்த இடத்தை விலங்கு எவ்வாறு மீண்டும் கண்டுபிடிக்கின்றது? மோப்பம் மட்டுமே காரணமென எண்ணுதல் கூடாது. டேவிட் மக்டொனால்ட் என்பார் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பழக்கப்பட்ட நரியொன்று தான் புதைத்தவற்றை எளிதில் கண்டெடுத்தது. அவற்றின் அருகே மனிதர் புதைத்தவற்றையோ பெரும்பாலும் தவறவிட்டது. நினைவாற்றலும் இதிற் பங்குகொள்கின்றது என்பது இதனால் விளங்கும்.

நாய் மனிதனுடன் கூடிவாழத் தொடங்கி 14,000 ஆண்டுகளுக்கு மேலாயின. நேரந்தவறாது உணவு கிடைத்தும் பழைய ஊக்கம் அதனை விட்டகலவில்லை. மண்ணில்லாத சீமேந்துத் தரையிலும், சில நாய்கள் மூக்கினால் இல்லாத மண்ணைத் தள்ளி எலும்பை மூட முயல்வது இதற்குச் சான்றாகும். வளையிற் பதுங்கும் விலங்குகளைத் தோண்டிப் பிடிப்பதற்கென வளர்க்கப்பட்ட டெரியர் போன்ற சாதி நாய்களிடம் தோண்டும் விருப்பம் மிகுதி.

எனவே, தோண்டும் நாயை அடிப்பதால் அப்பழக்கம் மாறாது, அச்சமே வளரும். அளவறிந்து உணவிடுதலும், ஓடி விளையாட விடுதலும், தோண்டுவதற்கென ஓரிடத்தை ஒதுக்குதலுமே தக்க வழிகள். பிறிதொன்றையும் வீட்டார் மறத்தலாகாது. தான் மறைத்த உணவை நாய் தன் உடைமையெனக் காக்கும். சாதுவான நாயும் அவ்வேளையிற் கடிக்கக்கூடும். நாய் எலும்புடன் இருக்கும்போதும், புதைத்த இடத்தில் நிற்கும்போதும் சிறுவரை அதன் அருகே செல்லவிடாது காத்தல் பெற்றோர் கடனாகும்.