ஆஷ் வழக்கின் 14 பேர்

மணியாச்சி ரயில் நிலையத்துக்கு இன்று வாஞ்சியின் பெயர். 1911 ஜூன் 17 அன்று, மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பிய திருநெல்வேலி கலெக்டர் ஆஷை ரயில் பெட்டியிலேயே சுட்டுக் கொன்றுவிட்டு, பிளாட்பாரக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டவர் அவர். சுட்டவரே செத்துவிட்டார், சர்க்காரின் கையில் அகப்பட்டவர்கள் கூட்டாளிகள்தான். அவர்கள் 14 பேரை ஒரே சதி வழக்கில் நிறுத்தினார்கள். அந்தக் கொலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு அந்த வழக்கு கடைசிவரை தெளிவான விடை சொல்லவில்லை என்பேன்.

தண்டனையையே பாருங்கள். 1912 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒன்பது பேரைத் தண்டித்தது. அதிகபட்சமான ஏழு ஆண்டு, முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு. சீர்காழிப் பக்கத்து எருக்கூரில் பிறந்து, தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி என்று சுற்றி ரகசியச் சங்கம் ஒன்றைத் தொடங்கி அதற்கு ஆள் சேர்த்தவர் அவர். அப்போது இருபத்தொரு வயசு. கொலை நடந்தபோது மணியாச்சிக்குப் பக்கத்தில்கூட அவர் இல்லை. வழக்கில் சிக்கியது கல்கத்தாவில். வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டு. அன்று வாஞ்சியோடு வந்து தப்பி ஓடிய இன்னோர் ஆள் இவர்தான் என்பார்கள் சிலர். இல்லை, ஒட்டப்பிடாரம் மாடசாமி என்பார்கள் வேறு சிலர். மாடசாமி போலீஸிடம் கடைசிவரை பிடிபடவில்லை. ஆக, கொலைக்கு மிக அருகில் நின்றவர் யார் என்பதிலேயே இன்றைக்கும் இரண்டு பேச்சு. தூரத்தில் இருந்தவருக்கோ பெரிய தண்டனை.

சங்கத்தைத் தொடங்கியவரே மூலகாரணம், அவருக்குக் கூடுதல் தண்டனை நியாயம்தானே என்று கேட்கலாம். கேள்வியில் சாரம் உண்டு. 1910-ல் தென்காசியில் காளி படத்தின் முன் குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் ரத்தமாகப் பாவித்துக் குடித்து, விரலைக் கீறிக் கையொப்பம் வைத்துச் சத்தியம் செய்தார்கள் என்றது அரசுத் தரப்பு. சத்தியம் செய்தவர்களில் துப்பாக்கி எடுத்தது ஒருவர்தான். தனியாட்களைக் கொல்வதில் தமக்கு உடன்பாடில்லை என்று நீலகண்டர் பின்னாளில் சொன்னார். குற்றவாளி அப்படித்தான் சொல்வான் என்று தள்ளிவிடலாம். ஆனால் நீதிமன்றமும் கொலைக்கு உடந்தை என்ற குற்றத்துக்காக அவரைத் தண்டிக்கவில்லை. மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார் என்றே தண்டித்தது. தண்டிக்கப்பட்டது சங்கம், கொலை அல்ல.

அந்தச் சங்கத்தைப் பற்றிய சாட்சியமும் பெரும்பாலும் அப்ரூவர்களிடமிருந்து வந்தது. ஒட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளையும் சோமசுந்தரம் பிள்ளையும் மன்னிப்புக்கு ஈடாகப் பேசினார்கள். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இதில் இரண்டு பக்கமும் பேசியது: கூட்டாளி தகுதியான சாட்சி என்றது 133-ஆம் பிரிவு, வேறு ஆதாரம் துணைக்கு வராவிட்டால் அவன் சொல்லை நம்பத் தேவையில்லை என்றது 114-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவன் பிறர் பங்கைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வது இயல்பு. வாஞ்சியும் தன் பங்குக்குப் பெரிதாக்கினார்: அவர் சட்டைப் பையில் இருந்த கடிதம், மூவாயிரம் பேர் சத்தியம் செய்திருப்பதாகச் சொன்னது. வழக்குக்கு வந்தது 14 பேர்.

அப்படியானால் கூட்டாளிகளே இல்லையா, வாஞ்சி ஒற்றை ஆளா என்று அடுத்த பக்கத்துக்கும் போய்விடக் கூடாது. புனலூரில் காட்டிலாகா வேலை பார்த்த ஒருவருக்கு பிரௌனிங் பிஸ்டல் தானாக வந்து சேராது. கூட்டாளியை எவ்வளவு தண்டிப்பது என்பது வேறு கேள்வி. ஆபிரகாம் லிங்கன் கொலையில், கொலையாளி வந்துபோன விடுதியை நடத்திய மேரி சுராட்டையும் 1865-ல் ராணுவ நீதிமன்றம் தூக்கில் போட்டது. அந்த அளவுக்குச் சென்னை நீதிபதிகள் போகவில்லை. யாருக்கும் தூக்கு இல்லை. ஆனால் வாஞ்சிக்குச் சுடப் பழக்கியவர் என்று பரவலாகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயர் அந்த 14 பேரில் இல்லவே இல்லை. அவர் புதுச்சேரியில், பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தார். அங்கே பிரிட்டிஷ் போலீஸால் உளவு பார்க்க முடிந்தது, கைது செய்ய முடியவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு கிடைத்த மன்னிப்பால் அவர் திரும்பி வந்து, ஆஷ் கலெக்டராக இருந்த அதே ஜில்லாவில், தாமிரபரணிக் கரைச் சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தினார்.