இந்தியாவில் அதிகாரப் பிரிவினை

இந்தியாவில் அதிகாரப் பிரிவினை என்பது, நடுவண் அரசின் அதிகாரம் சட்டத்துறை, நிர்வாகத்துறை, நீதித்துறை ஆகிய மூன்று துறைகளிடையே பகிர்ந்தளிக்கப்பட்டு, ஒவ்வொரு துறையும் மற்றவற்றின் வரம்பு மீறலைத் தடுக்கும் வகையில் அமைந்துள்ள ஏற்பாட்டைக் குறிக்கும். சட்டம் இயற்றுதல் நாடாளுமன்றத்தின் பணியாகும். அச்சட்டத்தைச் செயல்படுத்துதல் குடியரசுத் தலைவரின் பெயரால் இயங்கும் அமைச்சரவையின் பணியாகும். சட்டத்துக்குப் பொருள் கூறுதலும், அது அரசியலமைப்புக்கு உட்பட்டதா என ஆராய்தலும் நீதிமன்றங்களின் பணியாகும்.

"அதிகாரப் பிரிவினை" என்னும் சொற்றொடர் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கும் இடம்பெறவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் உள்ளதைப் போல் மூன்று துறைகளும் முற்றிலும் தனித்தனியாக நிறுத்தப்படவும் இல்லை. இந்திய முறையில் துறைகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. எனவே எத்துறை எதனை எவ்வளவு கட்டுப்படுத்தலாம் என்பது சட்டப்பிரிவுகளால் மட்டுமன்றி, 1950க்குப் பின் நிகழ்ந்த வழக்குகள், சட்டத்திருத்தங்கள், தேர்தல்கள் ஆகியவற்றாலும் தீர்மானிக்கப்பட்டு வந்துள்ளது.

கோட்பாட்டின் பின்னணி

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொன்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட "சட்டங்களின் ஆன்மா" என்னும் நூலில் இக்கோட்பாட்டை விரிவாக விளக்கினார். சட்டம் இயற்றும் அதிகாரமும் அதனைச் செயல்படுத்தும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் குடிமக்களுக்குச் சுதந்திரம் இராது என்பது அவர் வாதத்தின் சாரமாகும். சட்டம் இயற்றுபவரே அதனைச் செயல்படுத்துபவராகவும் இருந்தால், தமக்கு ஏற்ற சட்டத்தை இயற்றித் தமக்கு வேண்டியவாறு பயன்படுத்த இயலும். வழக்கைத் தீர்ப்பவரும் அவரே என்றால் முறையிட வேறு இடம் இல்லை.

1787இல் வரையப்பட்ட ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பு இக்கோட்பாட்டை ஏறத்தாழ முழுமையாகப் பின்பற்றியது. அங்கு நிர்வாகத்துறையில் பதவி வகிப்பவர் அதே காலத்தில் காங்கிரசின் உறுப்பினராக இருக்க இயலாது. பிரித்தானிய நாடாளுமன்ற முறையிலோ அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் இருந்தே வருகின்றனர்.

அரசியலமைப்பு நிர்ணய சபையின் முடிவு

இந்திய அரசியலமைப்பு நிர்ணய சபையில் இவ்விரு முறைகளும் விவாதிக்கப்பட்டன. மூன்று துறைகளுக்கும் இடையே முழுமையான பிரிவினை வேண்டும் என்னும் புதிய பிரிவைச் சேர்க்குமாறு பேராசிரியர் கே. டி. ஷா 1948 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்தார். சபை அதனை ஏற்கவில்லை.

வரைவுக்குழுத் தலைவர் பி. ஆர். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று ஆற்றிய உரை இம்முடிவின் காரணத்தை விளக்குகிறது. நிர்வாகத்துறை நிலையானதாக இருக்க வேண்டும். பொறுப்புக் கூறுவதாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் சம அளவில் தரும் முறை எதுவும் இல்லை. அமெரிக்க முறை நிலைத்தன்மையை மிகுதியாகத் தருகிறது; நாடாளுமன்ற முறை பொறுப்புடைமையை மிகுதியாகத் தருகிறது. நாடாளுமன்ற முறையில் அரசின் செயல்கள் கேள்விகள், தீர்மானங்கள், விவாதங்கள் வாயிலாக நாள்தோறும் மதிப்பிடப்படுகின்றன. தேர்தலின்போது மக்களாலும் மதிப்பிடப்படுகின்றன. நாள்தோறும் நிகழும் மதிப்பீடே இந்தியாவுக்குக் கூடுதல் தேவை என அவர் கருதினார்.

நீதித்துறையைப் பொறுத்தவரை சபை வேறு நிலைப்பாட்டை எடுத்தது. அரசின் பொதுப்பணிகளில் நீதித்துறையை நிர்வாகத்துறையிடமிருந்து பிரிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என 50ஆம் பிரிவு கூறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் மாவட்ட அளவில் வரி வசூலிப்பவரே குற்ற வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும் பெற்றிருந்தது இதற்கு ஒரு காரணமாகும்.

1955இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்நிலையைத் தெளிவுபடுத்தியது. பஞ்சாப் அரசு பாடநூல் வெளியீட்டைத் தானே ஏற்று நடத்தியதை எதிர்த்துப் பதிப்பாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். தனிச்சட்டம் இன்றி அரசு ஒரு தொழிலை நடத்த இயலாது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டை இந்திய அரசியலமைப்பு முழு இறுக்கத்துடன் ஏற்கவில்லை என்றும், ஆயினும் ஒரு துறையின் அடிப்படைப் பணியை மற்றொரு துறை கைப்பற்றுவதை அது எதிர்பார்க்கவில்லை என்றும் தீர்ப்பில் கூறப்பட்டது.

துறைகளுக்கு இடையேயான முக்கியத் தடைகள்

* நாடாளுமன்றம், நிர்வாகத்துறை மீது: அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது (பிரிவு 75). சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்க இயலாது (பிரிவு 265).
* நாடாளுமன்றம், நீதித்துறை மீது: நீதிபதியை நீக்கும் தீர்மானம் (பிரிவு 124), தீர்ப்பின் அடிப்படையாக அமைந்த சட்டத்தைத் திருத்துதல்.
* நிர்வாகத்துறை, நாடாளுமன்றம் மீது: அவையைக் கூட்டுதல், மக்களவையைக் கலைத்தல் (பிரிவு 85), மசோதாவைத் திருப்பி அனுப்புதல் (பிரிவு 111), அவசரச் சட்டம் (பிரிவு 123).
* நிர்வாகத்துறை, நீதித்துறை மீது: நீதிபதிகளை நியமித்தல் (பிரிவு 124), தண்டனையைக் குறைத்தல் அல்லது மன்னிப்பு வழங்குதல் (பிரிவு 72).
* நீதித்துறை, ஏனைய இரண்டின் மீது: நீதிப்புனராய்வும் நீதிப்பேராணைகளும் (பிரிவுகள் 13, 32, 226).

இவை தவிர ஒதுங்கி நிற்கும் கடமையும் விதிக்கப்பட்டுள்ளது. நீக்கத் தீர்மானத்தின்போது அன்றி, நீதிபதிகளின் பணிசார் நடத்தையை நாடாளுமன்றம் விவாதிக்கக் கூடாது (பிரிவு 121). நடைமுறை ஒழுங்கின்மையைக் காரணம் காட்டி நாடாளுமன்ற நடவடிக்கைகளின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த இயலாது (பிரிவு 122).

நாடாளுமன்றமும் நிர்வாகத்துறையும்

இந்தியாவில் பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருத்தல் வேண்டும். உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சரானால், ஆறு மாதங்களுக்குள் ஏதேனும் ஓர் அவையின் உறுப்பினராக வேண்டும். அமைச்சர்களின் எண்ணிக்கை மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என 2003இல் 91ஆம் திருத்தம் வரம்பு விதித்தது.

மக்களவையின் நம்பிக்கையை இழக்கும் அமைச்சரவை பதவி விலக வேண்டும். ஆச்சார்ய கிருபளானி 1963இல் நேரு அமைச்சரவைக்கு எதிராகக் கொண்டுவந்ததே முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகும். அதுமுதல் 2023 வரை வாக்கெடுப்புக்கு விடப்பட்ட இத்தகைய தீர்மானம் எதுவும் வெற்றி பெறவில்லை. அரசே கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் தோல்வியுற்றுப் பதவி இழந்தோர் உண்டு: வி. பி. சிங் (1990), தேவ கவுடா (1997), வாஜ்பாய் (1999). அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதை அடுத்து, 1999 ஏப்ரல் 17 அன்று நடந்த வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது.

இம்மூன்று அரசுகளுமே கூட்டணி அரசுகள் அல்லது வெளியாதரவை நம்பிய அரசுகள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரே கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றிருக்கும்போது, அவையைக் கட்டுப்படுத்தும் கட்சித் தலைமையும் அரசின் தலைமையும் ஒன்றாகிவிடுகின்றன. 1985இல் 52ஆம் திருத்தத்தால் கொண்டுவரப்பட்ட கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். பதவிக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்க இயற்றப்பட்ட இச்சட்டம், ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அரசுக்கு எதிராக வாக்களிக்கும் வாய்ப்பையும் குறைத்துவிட்டது.

எனவே அன்றாடக் கண்காணிப்பில் கேள்வி நேரம், நாடாளுமன்றக் குழுக்கள், கணக்குத் தணிக்கை ஆகியவை முதன்மை பெறுகின்றன. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 1967 முதல் இக்குழுவின் தலைவராக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரை நியமிப்பது மரபாக உள்ளது.

அவசரச் சட்டங்கள்

நாடாளுமன்றம் கூடாத காலத்தில் அமைச்சரவையின் அறிவுரைப்படி குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். நாடாளுமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரங்கள் முடிந்ததும் அது காலாவதியாகிவிடும். ஆளுநர்களுக்கும் இதையொத்த அதிகாரம் உண்டு. பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டு, சட்டமன்றத்தில் வைக்காமலே மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டன. சில 14 ஆண்டுகள் வரை நடைமுறையில் இருந்தன. பேராசிரியர் டி. சி. வாத்வா தொடர்ந்த வழக்கில், இது அரசியலமைப்பின் மீதான மோசடி என உச்ச நீதிமன்றம் 1986இல் கண்டித்தது.

குடியரசுத் தலைவர்

42ஆம் திருத்தத்தின் (1976) வழி, குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்பட வேண்டும் என வெளிப்படையாக வரையறுக்கப்பட்டது. அறிவுரையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமையை 44ஆம் திருத்தம் (1978) அவருக்கு அளித்தது. ஆதாயப் பதவி தொடர்பான மசோதாவை ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 2006இல் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதனை மீண்டும் நிறைவேற்றியபோது அவர் ஒப்புதல் அளித்தார். இவ்வதிகாரம் காலம் தாழ்த்தி மறுசிந்தனையைத் தூண்டவல்லது. நாடாளுமன்றத்தின் முடிவை மாற்றவல்லதன்று.

1973 – 1980: துறைகளிடையே மோதல்

அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த இயலுமா என்னும் வினா தொடக்கம் முதலே இருந்து வந்தது. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அடங்கிய ஆயம் 1973 ஏப்ரல் 24 அன்று, 7க்கு 6 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் அரசியலமைப்பின் எப்பிரிவையும் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற இயலாது என்பது அத்தீர்ப்பாகும். அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக அதிகாரப் பிரிவினையைத் தலைமை நீதிபதி சிக்ரி குறிப்பிட்டார். தீர்ப்பு வெளியானவுடன், பணிமூப்பில் முன்னிருந்த மூன்று நீதிபதிகளை விடுத்து ஏ. என். ரே தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். விடுபட்ட மூவரும் அரசுக்கு எதிரான தீர்ப்பை வழங்கியோர் ஆவர்.

1975 ஜூன் 12 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை ஆணையில் குடியரசுத் தலைவர் பக்ருதின் அலி அகமது கையொப்பமிட்டார். அமைச்சரவை மறுநாள் காலையிலேயே இதற்கு ஒப்புதல் அளித்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த நிலையில், பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்களின் வரம்பிலிருந்து விலக்கும் 39ஆம் திருத்தத்தை நாடாளுமன்றம் ஆகஸ்டில் நிறைவேற்றியது. நிர்வாகத்துறையைக் கட்டுப்படுத்த வேண்டிய அவை அதன் கருவியானது.

நீதித்துறையின் செயல்பாடு இக்காலத்தில் சீராக இருக்கவில்லை. 39ஆம் திருத்தத்தில் நீதிமன்ற விசாரணையை விலக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் 1975 நவம்பரில் இரத்து செய்தது. ஆயினும் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 1976 ஏப்ரல் 28 அன்று வழங்கிய ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பில், நெருக்கடி நிலையின்போது தடுப்புக்காவலில் உள்ளோர் ஆட்கொணர்வு மனு மூலம் நீதிமன்றத்தை அணுக இயலாது என 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் கூறியது. மாறுபட்ட தீர்ப்பு வழங்கியவர் எச். ஆர். கன்னா ஒருவரே. 1977 ஜனவரியில் அவரை விடுத்து இளையவரான எம். எச். பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். ஜபல்பூர் தீர்ப்பு தவறானது என உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக அறிவித்தது 2017இல்தான்.

இதனைச் சரிசெய்யும் பணி 1977 மார்ச்சுப் பொதுத்தேர்தலில் வாக்காளர்களால் தொடங்கப்பட்டது. புதிய நாடாளுமன்றம் 1978இல் 44ஆம் திருத்தத்தை இயற்றியது. அதன்படி நெருக்கடி நிலையை அறிவிக்க அமைச்சரவையின் எழுத்து வடிவிலான முடிவு தேவை. "உள்நாட்டுக் குழப்பம்" என்னும் காரணம் "ஆயுதமேந்திய கிளர்ச்சி" என மாற்றப்பட்டது. 20, 21 ஆகிய பிரிவுகளில் உள்ள உரிமைகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க இயலாது. திருத்தங்களை நீதிமன்றம் ஆராயக் கூடாது என 42ஆம் திருத்தம் விதித்திருந்த தடையை மினர்வா மில்ஸ் வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம் இரத்து செய்தது.

நீதிபதிகளின் நியமனமும் நீக்கமும்

1973, 1977 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் நியமன அதிகாரம் குறித்த ஐயத்தை வளர்த்தன. 1993, 1998 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் கருத்துரையும் கொலீஜியம் முறையை நிறுவின. இதன்படி உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தலைமை நீதிபதியும் மூத்த நான்கு நீதிபதிகளும் பரிந்துரைக்கின்றனர். சட்ட அமைச்சரும் இடம்பெறும் ஆணையம் ஒன்றை அமைக்க 99ஆம் திருத்தம் (2014) இயற்றப்பட்டது. நீதித்துறையின் சுதந்திரத்தைப் பாதிக்கும் எனக் கூறி, 2015 அக்டோபர் 16 அன்று அது 4க்கு 1 என இரத்து செய்யப்பட்டது.

நீதிபதியை நீக்க, இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் தேவை. 1993இல் நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு ஆதரவாக 196 பேர் வாக்களித்தனர். எதிராக ஒருவரும் வாக்களிக்கவில்லை. காங்கிரசு உறுப்பினர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் தீர்மானம் தோல்வியுற்றது.

விமர்சனங்கள்

நீதிமன்றங்கள் சட்டம் இயற்றும் பணியில் நுழைகின்றன என்பது ஒரு விமர்சனமாகும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், 2013இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை 16 ஆண்டுகள் சட்டத்துக்கு நிகராக நடைமுறையில் இருந்தன. இதனை வரம்பு மீறல் என்போரும், நாடாளுமன்றம் விட்ட வெற்றிடத்தை நிரப்பியது என்போரும் உள்ளனர். நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் வெளிப்படைத்தன்மை இல்லை என்பது மற்றொரு விமர்சனமாகும். நியமனத்தில் அரசுக்குக் கூடுதல் பங்கு அளித்தால், அரசே பெரும்பாலான வழக்குகளில் ஒரு தரப்பாக உள்ள நிலையில், நடுநிலை பாதிக்கப்படும் என்பது இதற்கு அளிக்கப்படும் மறுமொழியாகும்.

இந்தியாவில் எந்த ஒரு துறையும் அரசியலமைப்பின் தனிக்காவலராக எல்லாக் காலத்திலும் விளங்கியதில்லை என்பதை 1973 முதல் 1980 வரையிலான நிகழ்வுகள் காட்டுகின்றன. 1975இல் நாடாளுமன்றமும், 1976இல் உச்ச நீதிமன்றமும் தடையாக நிற்கத் தவறின. ஒன்று தவறும்போது திருத்தவல்ல மற்றொன்று எஞ்சியிருப்பதே இவ்வமைப்பின் வலிமையாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* இந்திய அரசியலமைப்பு
* இந்திய நாடாளுமன்றம்
* இந்திய உச்ச நீதிமன்றம்
* நெருக்கடி நிலை (இந்தியா)
* கேசவானந்த பாரதி வழக்கு