இறங்கிய கதவும் தளர்ந்த கூடும்

பழைய காரின் கதவு சற்றே இறங்கி நிற்பதையும், இரண்டு மூன்று முறை ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டுவதையும் வயதின் இயல்பு என்று உரிமையாளர்கள் பலர் விட்டுவிடுகின்றனர். பட்டறையிலும் பல நேரங்களில் பூட்டு மாட்டும் கொக்கியைச் சிறிது நகர்த்திக் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். கதவு ஏன் இறங்கியது என்று கேட்காமலே செய்யப்படும் இத்திருத்தம், காரின் உடற்கூட்டில் தொடங்கியிருக்கக்கூடிய சிதைவை மறைத்துவிடுவதால், கதவு இறங்குவதைச் சிறு பழுதாகக் கருதுவது சரியன்று.

1983இல் வெளிவந்த மாருதி 800 முதல் இன்றைய சிறிய கார்கள் வரை பெரும்பாலானவற்றுக்கு ‘சேஸி’ எனப்படும் தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடு, கூரை, தூண்கள், கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி வடிவ விளிம்பு ஆகியவற்றைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து உருவாக்கிய கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. இவ்வமைப்புக்கு ‘மோனோகாக்’ என்று பெயர். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது கூடு முறுக்கப்படுகிறது. அம்முறுக்கலைத் தாங்கி வடிவம் மாறாதிருக்கும் திறனே முறுக்கு விறைப்பு எனப்படுகிறது. புதிய காரிலும் சிறிதளவு நெளிவு உண்டென்றாலும், பற்றவைப்புகள் விட்டுப்போய் விளிம்புப் பெட்டியைத் துரு தின்னும்போது நெளிவு மிகுந்து, கதவு பொருந்த வேண்டிய வாயிலின் வடிவமே மாறத் தொடங்குகிறது.

கதவின் அடியிலும் விளிம்புப் பெட்டியிலும் உள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கிவிடும். அங்கே தொடங்கும் துரு, வெளிப்புறப் பெயின்ட் கொப்பளிக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் தகட்டின் கனம் பெரிதும் குறைந்திருக்கும். உப்புக்காற்றுப் படும் சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களின் கார்களும், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கி எடுக்கப்பட்ட கார்களும் இவ்வகையில் கூடுதல் கவனத்துக்குரியவை.

காரணத்தைப் பிரித்தறிவது கடினமன்று. கதவைப் பாதி திறந்து அதன் பின்முனையைக் கையால் மேலே தூக்கும்போது ஆட்டம் தெரிந்தால், கீலின் முள்ளும் புஷ்ஷும் தேய்ந்துள்ளன என்று பொருள். அவற்றை மாற்றுவது சிறிய வேலையே. கீல் உறுதியாக இருந்தும் கதவு பொருந்தவில்லையெனில், கீலைத் தாங்கும் தூணையோ கூட்டையோ ஐயுற வேண்டும். பட்டறையில் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி முன்பிருந்ததைவிடப் பெரிதும் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். ஜாக்கியின் தலை விளிம்புத் தகட்டுக்குள் அமிழ்ந்தால் வேறு சோதனை தேவையில்லை.

கதவுப் பூட்டு இரு நிலைகளில் பிடிக்கிறது. பொருந்தாத கதவு முதல் நிலையிலேயே நின்று, முழுதும் பூட்டியதுபோல் தோன்றலாம். அத்தகைய கதவு விபத்தில் திறந்து பயணியை வெளியே எறியக்கூடும், அல்லது நெளிந்த வாயிலில் சிக்கி அவரை உள்ளேயே அடைத்துவிடக்கூடும். சீட் பெல்ட்டின் பிடிமானம் நடுத்தூணிலும் அதன் அடிப்பகுதியிலும் இருப்பதால், அங்கே துரு ஏறிய காரில் பெல்ட் அணிந்தவரும் முழுப் பாதுகாப்பில் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்னும் பாதுகாப்புத் தரமதிப்பீட்டுத் திட்டம் புதிய கார்களையே மோதவிட்டுத் தரமிடுகிறது; சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு நிறைந்து புதுப்பிக்கப்படும்போதுதான் தகுதிச் சோதனை கட்டாயமாகிறது. இடைப்பட்ட காலத்தில் கூட்டைக் கவனிக்கும் பொறுப்பு உரிமையாளருடையதே.

துருவை வெட்டியெடுத்து அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைப்பதே முறையான பழுதுநீக்கம். துருவின்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது ஏமாற்று வேலை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடாகவும், பில் தர மறுப்பதை முறையற்ற வணிகமாகவும் வரையறுப்பதால், கதவு இறங்கிய காரணத்தையும் செய்த வேலையையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வேலைக்கு முன் எடுத்த படங்களும் சான்றாகும். பிழைப்புக்காகச் சொந்தமாக ஒரு டாக்சி ஓட்டுபவரும் இச்சட்டப்படி நுகர்வோரே. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும், அங்கே தீராவிடில் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திப் பெற்ற பொருளுக்கோ சேவைக்கோ ஆணையத்தில் கட்டணம் இல்லை.

காப்பீட்டில் தேய்மானத்துக்கு இழப்பீடு கிடையாது என்பதால், மோதலில் கதவு விலகியிருந்தால் சர்வேயர் பார்க்கும்போதே அதைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்; மாதங்கள் கழித்துச் சொன்னால் அது வயதின் கணக்கில் சேர்ந்துவிடும். பழைய கார் வணிகரிடம் வாங்கியவருக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. தெரிந்தவரிடமோ தனியாரிடமோ வாங்கியவர் சிவில் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருப்பதால், மோதலோ வெள்ளமோ கண்ட வண்டியன்று என்ற விற்பவரின் உறுதிமொழியை, முன்பணம் கொடுக்கும் முன்பே, கையொப்பத்துடன் வாங்கிக்கொள்வது அவசியம்.