‘ஆ’ சொல்ல வாய் மட்டும் போதுமா?

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வண்டியின் ஏர்ஹாரன் அலறினால் கண்டக்டரின் ‘மதுரே... மதுரே’ தானாக ஏறுகிறது. தாடையும் இன்னும் ஒரு விரற்கடை இறங்குகிறது. தன் குரல் தனக்கே கேட்காவிட்டால் மனிதன் இப்படித்தான் செய்வான் என்று 1911-இல் எழுதிவைத்தவர் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர்.

தாடை இறங்கினால் உயிரொலி மாறும். ‘ஈ’ சொல்லும்போது வாய்க்குள் எழும் முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸ். ‘ஆ’வென்று திறந்தால் 700 வாக்கில் போய்விடும். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் அ, ஆ இரண்டையும் அங்காப்பிலேயே அடக்கிவிடுகிறது.

ஆனால் வெற்றிலை போட்டவரைக் கவனியுங்கள். சாறு சிந்தாமலிருக்கத் தாடையை ஏறக்குறையப் பூட்டிக்கொண்டு ‘வாங்க, சாப்டாச்சா?’ என்கிறார். ‘வா’ நமக்கு ‘வா’வாகத்தான் கேட்கிறது. தாடையின் வேலையையும் நாக்கே பார்த்துவிடுகிறது. 1979-இல் ஸ்வீடனின் பியோர்ன் லிண்ட்ப்லோம் குழுவினர் பற்களுக்கிடையே கட்டை கொடுத்து, தாடையை அசையவிடாமல் உயிரொலிகளைச் சொல்லச் சொன்னார்கள். குரல் எழுந்த முதல் துடிப்பிலேயே ஒலி சரியாக வந்தது. காது கேட்டுத் திருத்த நேரமே இல்லை. அது பாடத்தை எப்போதோ நடத்தி முடித்துவிட்டது!

அதனால்தான் வளர்ந்தபின் செவி இழந்தவரின் உயிரொலிகள் ஒரே நாளில் குலைவதில்லை. மெல்ல மெல்லத்தான் இடம் மாறுகின்றன. 2008-இல் நசீர், ஆஸ்ட்ரி என்ற ஆய்வாளர்கள் அப்படிப்பட்டவர்களுக்குக் கேட்கச் செய்யும் காக்ளியர் கருவியை அணைத்துவிட்டு, பேசும்போது தாடையை ரோபோவால் லேசாக இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமலே தாடை சமாளிக்கப் பழகிக்கொண்டது. தசைக்கும் தன் இடம் தெரிகிறது.

பிறவியிலேயே கேளாத குழந்தைக்கோ அந்த முதல் பாடமே கிடைப்பதில்லை. இ, எ, அ எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி, வேறுபாடு மங்கிவிடும். குழந்தைக்குக் கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க நம் பட்டாசு ஊர்களில் தினமும் வாய்ப்பிருந்தும் கோட்டை விடுகிறோம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் வரை சட்டம் அனுமதிக்கிறது. அத்தனை சத்தத்துக்கும் அசையாமல் தூங்கும் கைக்குழந்தையை ‘தைரியசாலி’ என்று கொஞ்சுகிறார்கள். ‘இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று சமாதானம் வேறு. கேட்கும்போதே எரிச்சல் வருகிறது. தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் குமிழ் ஒன்றை வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கும் சோதனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சையும் உண்டு, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. அப்பன் கதை சொல்லியே அதில் இரண்டு மூன்று வருடத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.