மிளகாயை விட்டால் போதாது

காரைக்கால் பக்கம் சுரக்குடியில் நடவு முடிகிற சமயம் என் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரும். நான் ஓய்வுபெற்ற செவிலியர். “அக்கா, நெஞ்சுக்குழி எரியுது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. ரெண்டு வாய் சோறு தின்னாத்தான் அடங்குது” என்பார்கள். மிளகாயை விட்டிருப்பார்கள். சேற்றில் குனிந்து நட்ட இடுப்பு வலிக்கு, வெறும் வயிற்றில் டீயோடு போடும் ‘செட் மாத்திரை’யை மட்டும் விட்டிருக்க மாட்டார்கள்.

காரம் எரிச்சலைக் கூட்டும், வயிற்றுப் புண்ணை உண்டாக்காது. டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தை மெலியவைக்கின்றன. பிறகு நம் அமிலமே நம்மைத் தின்கிறது. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் அதே கேடுதான். மருந்து ரத்தம் வழியாகப் போய் அதே வேலையைச் செய்யும்.

இன்னொரு காரணம் ஒரு கிருமி: ஹெலிகோபேக்டர் பைலோரி. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் தியோடர் சாமர்வெல், கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டுகள் இருந்து, சிறுகுடல் தொடக்கத்தில் புண் வந்த ஏழைகளுக்கு வயிற்றைத் திறந்து உணவுக்கு மாற்றுப்பாதை தைத்தார். கிருமிதான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதை வளர்த்துக் காட்டினார்கள். உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கத்தி வைத்த நோய்க்கு இன்று பெரும்பாலும் மாத்திரையே போதும். கிருமியைக் குடித்த மார்ஷலை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

கிருமி இருந்தால் மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்து வழக்கமாக 14 நாள் தருவார்கள். நாலாம் நாள் எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்துகிறார்களே, அதுதான் என் பெரிய வருத்தம். மிஞ்சிய கிருமி அடுத்த முறை மருந்துக்கு அடங்காமல் போகலாம். இன்னொன்று: அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோலை வருஷக்கணக்கில் போடுபவர்கள், கிருமிப் பரிசோதனைக்கு முன் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அது உள்ளே இருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடித்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கறுக்கும்தான். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். விடியட்டும் என்று படுக்காதீர்கள். அந்த ராத்திரியே காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.