காலனி: ஒரு சொல்லுக்கு இரு முகம்!

பெரம்பூரில் இரயில்பெட்டி செய்யும் தோழனைக் கேளுங்கள், "வீடு எங்கே?" என்று. "ஐ.சி.எஃப். காலனி" என்பான், நெஞ்சை நிமிர்த்தி! சிற்றூர் ஒன்றின் தேநீர்க்கடையில் நின்று, "அதோ போகிறவர் யார்?" என்று கேளுங்கள். "காலனி ஆள்" என்பார்கள், உதட்டைச் சுழித்து! ஒரே சொல்தான். இங்கே அது முகவரி. அங்கே அது முத்திரை. ஏன் இந்த வேறுபாடு, தோழர்களே?

அகராதியைப் புரட்டினால் இழிவு ஏதும் இல்லை. உழுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரில் பிறந்த சொல் அது. உரோமானியர் தம் பழைய படைவீரர்களுக்கு நிலம் தந்து குடியமர்த்திய இடம் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் மாநகரம் அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அங்கே எவரும் தலைகுனியவில்லை! பிறகு வெள்ளையன் பிறர் நாட்டைப் பிடித்தான். அதற்கும் காலனி என்றே பெயரிட்டான். 1947இல் அந்தக் காலனி ஆட்சி ஒழிந்தது. ஊர்க்கோடியிலே ஒதுக்கி வைத்த காலனி ஒழிந்ததா?

நம் தமிழ்ச்சொல் 'சேரி' பட்ட பாடும் இதுதான். சேர்ந்து வாழும் இடம் சேரி. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டிலே தளிச்சேரி உண்டு. சோழர் காலத்துப் பார்ப்பனர் ஊர்களிலும் சேரிகள் உண்டு. வேளச்சேரியும் புதுச்சேரியும் இன்றும் இருக்கின்றன. அந்தச் சொல்லைக் கறைப்படுத்தியது எது? சாதி! சேரி கசந்ததும் காலனி வந்தது. அதன்மீதும் அதே கறை படிந்தது.

ஐ.சி.எஃப். காலனியில் மட்டும் கறை படியாதது ஏன்? 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் குடியிருப்பிலே, சம்பளப் படியைப் பார்த்து வீடு தருகிறார்கள். சாதியைப் பார்த்து அல்ல! பக்கத்துச் சுவர் யாருடையது என்று பார்க்காமல் வாழ்கிற இடத்தில், சொல்லும் தூய்மையாக இருக்கிறது.

சுவர் எழுந்தால் என்ன நடக்கும்? இதே பெரம்பூர் சொல்லும். 1921இல் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒருபுறம், மற்றவர் மறுபுறம் எனப் பிளந்தனர். புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தமும் தோற்றது. வியர்வை ஒன்றுதான், வயிற்றுப்பசி ஒன்றுதான். வீடு மட்டும் வேறு வேறு திசையில்! முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்: 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று. "பெயரை மாற்றினால் போதுமா?" என்று கேட்பவர் உண்டு. போதாதுதான்! ஆனால் நெற்றியிலே பச்சை குத்தியவனைப் பார்த்து, "வலி ஆறட்டும், பச்சையை அழிக்க அவசரமில்லை" என்று சொல்வது நீதியா? பள்ளிச் சான்றிதழிலே, குடும்ப அட்டையிலே, அந்தச் சொல் ஒரு பிள்ளையின் சாதியைக் கேட்காமலே அறிவிக்கிறதே!

பெயர்ப்பலகை மாறட்டும், அதோடு எல்லைக்கோடும் அழியட்டும். அதற்கு வழி காட்டியது, 1997இல் கலைஞர் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடு; அதில் ஆதிதிராவிடர்க்கு நாற்பது, பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபத்தைந்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபத்தைந்து, ஏனையோர்க்குப் பத்து. ஒரே தெரு, ஒரே குழாயடி!

தோழர்களே! நாளை புதுப்பெயர் வரும். அதையும் உதட்டைச் சுழித்து உச்சரித்தால், சேரிக்கும் காலனிக்கும் நேர்ந்த கதிதான் அதற்கும். சொல்லை மாற்றுவது அரசாணை; உதட்டை மாற்றுவது நம் வேலை!